வன்னி வீதிக்கு ஒரு ரொயோட்டா 86: காசை எதில் போடுவது, எதில் போடக்கூடாது

ஓமந்தை கடந்து வடக்கே போனால் ஏ9 வீதி கோடு கிழித்தமாதிரி நீண்டு கிடக்கும். அந்த வீதியை மனதில் வைத்து ரொயோட்டா 86 என்ற இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரை வாங்க நினைப்பவர் வாங்காமல் விடுவதே நல்லது. இது நேர்ரோட்டுக் கார் இல்லை. 2 லீற்றர் எஞ்சின், டேர்போ கிடையாது, 200 குதிரைவலுவும் 7000 சுற்றில்தான் வரும். புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் ஒரு புதிய டேர்போக் காரைத் துரத்தினால் 86 இளைத்துப்போகும். துரத்தவும் கூடாது, அங்கே சட்டம் 70 கி.மீ.தான். இந்தக் காரின் சுகம் வேறிடத்தில் இருக்கிறது. எடை 1,200 கிலோவை ஒட்டியது. சிலிண்டர்கள் பக்கவாட்டில் படுத்திருக்கும் பொக்சர் எஞ்சின் தாழ்ந்து கிடக்கிறது. வலு பின் சில்லுக்குப் போகிறது. கை நினைத்ததை ஸ்ரியறிங் உடனே கேட்கிறது. முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பி வீதிக்கு ஏறும் அந்தச் சின்ன வளைவிலேயே அது தெரியும்.

கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவு என்று நாளாந்தம் ஓடவேண்டும், வருடத்தில் இரண்டு மூன்று தடவை தெற்கே ட்ராக்குக்கும் (கார்ப் பந்தயப் பாதைக்கும்) போய்வரவேண்டும் என்பவருக்கு இந்த விமர்சனம். எங்கள் தீர்ப்பு சுருக்கமானது: முதல் காசு பிறேக்குக்கு, அடுத்தது ரயருக்கு, பிறகு ஒயில் சூட்டுக்கு. எஞ்சின் வலுவுக்கு ஒன்றும் மிஞ்சாவிட்டால் கவலைப்படத் தேவையில்லை.

வாங்கும்போது

2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திறந்ததென்றாலும், இங்கே பேசும் முதல் தலைமுறை 86 இன் உற்பத்தி 2021 இலேயே முடிந்துவிட்டது. பாவித்த கார்களுக்கான வயது வரம்பு இனி அதை உள்ளே விடாது. நாட்டுக்குள் ஏற்கெனவே ஓடுபவற்றில்தான் தேடவேண்டும். 2016 இல் முகம் மாறி வந்ததை எடுத்தால் கை கியரில் 207 குதிரைவலு, பின் அச்சின் பல்விகிதமும் 4.1 இலிருந்து 4.3 ஆக மாறியது. ஓடும்போது வித்தியாசம் தெரியும். ஆனால் நல்ல பராமரிப்பில் இருந்த 2013 கார், தேய்ந்துபோன 2017 காரைவிட மேல். ஜி தரத்தில் பிறேக் சிறியது, றிம் 16 அங்குலம். ஜிடி தரத்தில் பிறேக் பெரியது, றிம் 17. ட்ராக் எண்ணம் இருந்தால் ஜிடிதான்.

2012, 2013 தயாரிப்புகளுக்கு 2018 இறுதியில் வால்வு ஸ்பிறிங் மாற்றும்படி அறிவிப்பு வந்தது. ஸ்பிறிங் உடைந்தால் எஞ்சின் நிற்கும். சிக்கல் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஜப்பானிலிருந்து முன்கூட்டியே கப்பலேறிய கார்களில் அந்த வேலை நடந்திருக்காது. நடந்த கார்களிலும், மூடியை ஒட்டும் பசையை அள்ளிப் பூசியிருந்தால் அது உதிர்ந்து ஒயில் வழியை அடைத்து பெயரிங்கைத் தின்றுவிடும். சேஸி எண்ணை ரொயோட்டாவின் ஜப்பானியத் தளத்தில் போட்டுப் பாருங்கள். வேலை முடிந்த காரென்றால் ஒயில் சட்டியைக் கழற்றி, ஒயில் உறிஞ்சும் வலையில் பசைத் துணுக்கு இருக்கிறதா என்று பார்த்த பிறகு விலை பேசுங்கள். விற்பவர் இதற்கு மறுத்தால் அடுத்த காரைப் பாருங்கள்.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் சில்வண்டு போலக் கீச்சிடுவது உயர் அமுக்கப் பெற்றோல் பம்ப். 86 களுக்கு அது பிறவிச் சத்தம், பயமில்லை. நியூற்றலில் நிற்கும்போது ஒரு கிறீச் கேட்டு, கிளச்சில் இலேசாகக் கால் வைத்ததும் அடங்கினால் கிளச் பெயரிங். அதை மாற்றக் கியர்ப்பெட்டியைக் கழற்றவேண்டும், விலையில் குறைத்துக் கேளுங்கள். பின் லைற்றுக்குள் நீர் கோர்ப்பதும் இந்தக் காரில் சாதாரணம். மாரியில் பார்த்தால் தெரியும்.

ரொயோட்டா என்று எழுதியிருக்கிறது, ஆனால் சுபாரு

வன்னியில் இந்தக் காருக்கு நடக்கும் மிகப் பெரிய சேதம் ட்ராக்கில் நடப்பதில்லை, ரயர்க் கடையில் நடக்கிறது. முன்னால் ரொயோட்டாச் சின்னம் இருக்கிறது. ஆனால் கார் சுபாரு தொழிற்சாலையில் கட்டியது, எஞ்சினும் சில்லுக் குடமும் சுபாருவுடையவை. சில்லு போல்ற் 12 மில்லிமீற்றர், மரை இடைவெளி 1.25. கொறொல்லா, பிறீமியோ, வான் எல்லாவற்றிலும் இருக்கும் ரொயோட்டா நட்டின் மரை 1.5. இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். கடைப் பையன் டப்பாவிலிருந்து ஒரு நட்டை எடுத்துக் காற்றுத் துப்பாக்கியால் ஏற்றினால் இரண்டு சுற்றுவரை போகும், பிறகு மரையைச் சீவிக்கொண்டு போகும். அன்று இறுகினமாதிரி இருக்கும். 200 கி.மீ. போய்க் கழலும். நட்டு முதல் மூன்று நான்கு சுற்றும் விரலால் மட்டுமே ஏறவேண்டும். பிறகு இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ஸ்பனரால் 120 நியூட்டன் மீற்றர். காற்றுத் துப்பாக்கியை நட்டுக் கழற்ற மட்டும் பாவியுங்கள்.

றிம்மிலும் இதே பொறி. போல்ற் அமைப்பு 5×100 (100 மி.மீ. வட்டத்தில் ஐந்து போல்ற்), பிறியஸ் 30 இலும் அதுதான். அதனால் பிறியஸ் றிம் "அப்படியே ஏறும்" என்பார்கள். ஏறாது. 86 இன் நடுக்குடம் 56.1 மி.மீ., ரொயோட்டா றிம்மின் நடுத்துளை 54.1. அந்த 2 மி.மீ. காரணமாக றிம் குடத்தில் முழுதாக அமராது. இறுக்கி அமர்த்தப் பார்த்தால் வெடிக்கும். பழைய இம்ப்ரேசாவின் 5×100 றிம் சரியாக அமரும். பஞ்சிகாவத்தையில் தேடுவதென்றால் அதைக் கேளுங்கள்.

பிறேக்

ட்ராக்கில் முதலில் தோற்பது பிறேக்கின் பலமில்லை, அதன் ஒயில். தொழிற்சாலை ஒயில் டொட் 3 வகை. புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 205 பாகை, நீர் கலந்த பிறகு 140 பாகைதான். பிறேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். கார்த்திகை, மார்கழி மழையை ஒரு தடவை கண்ட ஒயில் பழைய ஒயில். அதோடு ட்ராக்குக்குப் போனால் நான்காம் ஐந்தாம் சுற்றில் கலிப்பருக்குள் (டிஸ்க்கைக் கவ்வும் பகுதிக்குள்) கொதித்து ஆவியாகும். ஆவியை அமுக்கலாம், அதனால் பெடல் தளம் வரை போகும், கார் நிற்காது.

மருந்து மலிவானது. மோட்டுல் ஆர்.பி.எஃப். 600 எடுத்தால் புதிதாக இருக்கும்போது கொதிநிலை 312 பாகை. ஏற்றே டைப் 200 எடுத்தால் 280. நாளாந்த ஓட்டமும் ட்ராக்கும் கலந்த காருக்கு ஏற்றேயே காணும், ஈரத்தையும் மெதுவாகத்தான் குடிக்கிறது. ட்ராக்கில் 20 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டுபவர் மோட்டுலுக்குப் போகலாம், ஆனால் வருடத்துக்கு இரண்டு தடவை மாற்றவேண்டும். முழுதாக மாற்ற ஒரு லீற்றர் வேண்டும், அரை லீற்றர்ப் போத்தல் இரண்டு வாங்குங்கள். திறந்த போத்தலை அடுத்த தடவைக்கென்று வைக்காதீர்கள். டொட் 5 என்று எழுதிய சிலிக்கோன் ஒயிலைத் தொடவே கூடாது, டொட் 5.1 வேறு சாமான். கை கியர்க் காரில் கிளச்சும் இதே தாங்கியிலிருந்துதான் ஒயில் எடுக்கிறது. பிறேக்கை மட்டும் மாற்றிவிட்டுக் கிளச் குழாயை விட்டால் பழைய ஒயில் அங்கேயே நிற்கும். கிளச் பெடல் சூட்டில் ஒட்டிக்கொள்கிறது என்ற முறைப்பாட்டில் பாதி இதுதான்.

அடுத்தது பாட், டிஸ்க்கில் உரசும் பிறேக் கட்டை. முன் பாட்டின் அளவு 2008 முதல் 2014 வரையான இம்ப்ரேசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். உடையதே. 86 க்கு என்று கேட்டால் கையை விரிக்கும் கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஒரே பாட்டில் இரண்டு வேலையும் பார்க்க வேண்டுமென்றால் ஃபெரோடோ டி.எஸ்.2500 எங்கள் முதல் தெரிவு. குளிரிலும் பிடிக்கும், இரண்டாவது மிதியிலும் முதல் மிதியின் பெடல்தான். கொஞ்சம் கீச்சிடும், கரித்தூள் கொட்டும். வெள்ளை றிம் போட்டவர்கள் வாரமொருமுறை கழுவவேண்டும். முழு ட்ராக் பாட்டை நாளாந்தம் ஓட்டுவது வன்னியில் ஆபத்து. அது சூடேறிய பிறகே கடிக்கும். காலைப் பனியில் பரந்தன் சந்தியில் ஒரு மாடு குறுக்கே வந்தால் அதற்குச் சூடேற நேரமிருக்காது.

புதிய பாட்டைப் பழக்கவேண்டும். பின்னால் முன்னால் வாகனமில்லாத விடியற்புறத்தில், 70 இலிருந்து 15 வரை பத்துப் பன்னிரண்டு தடவை உறுதியாக மிதியுங்கள். ஒருமுறைகூட முழுதாக நிறுத்தாதீர்கள். பிறகு பத்து நிமிடம் பிறேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான பாட் ஒரே இடத்தில் நின்றால் டிஸ்க்கில் தன் உருவத்தைப் பதித்துவிடும். "டிஸ்க் வளைந்துபோச்சு" என்று கராச்சில் கடைந்து தருவதில் கனக்க உண்மையில் வளைவதில்லை, இந்தப் பதிவுதான் அதிர்கிறது. ட்ராக்கிலிருந்து பிற்றுக்கு (தரிப்பிடத்துக்கு) வந்ததும் பெடலில் கால் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். கியரில் போட்டு, சில்லுக்குக் கட்டை வையுங்கள்.

ட்ராக் நாளில் பாட் 5 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். இன்னும் ஓடலாம் போலத்தான் தெரியும், ஆனால் மெல்லிய பாட் சூட்டை நேரே ஒயிலுக்குக் கடத்தும். பெரிய கலிப்பர்ச் செற்றுகள் பார்க்க அழகு. 294 மி.மீ. முன் டிஸ்க் இந்த எடைக்குத் தாராளமாகக் காணும். அந்தக் காசில் மூன்று செற் பாட் வாங்கலாம்.

ரயர்

கார் பிறந்தபோது போட்டிருந்த ரயர் 215/45 ஆர்17 (அகலம் 215 மி.மீ., பக்கச்சுவர் அதில் 45 வீதம், றிம் 17 அங்குலம்). பிடி குறைந்த சிக்கன ரயரை வேண்டுமென்றே போட்டார்கள், குறைந்த வேகத்திலேயே வால் ஆடட்டும் என்று. நல்ல ரயருக்கு மாறியதும் கார் வேறு காராகிவிடும். மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4 அல்லது 5 மழையில் நம்பலாம், ட்ராக்கில் அரை நாள் மரியாதையாகத் தாங்கும். அதற்கு மேல் போனால் பிறிட்ஜ்ஸ்ரோன் ஆர்.இ.71ஆர்.எஸ்., யொக்கோஹாமா ஏ052 போன்றவை. ஒட்டுப்போல் பிடிக்கும், ஆனால் ஏ9 இன் மத்தியான வெயிலில் நாளாந்தம் ஓட்டினால் காசு கரைவதைக் கண்ணால் காணலாம். அவற்றைத் தனி றிம்மில் ட்ராக்குக்கு மட்டும் வைத்திருப்பதே சரி. 225/45 அளவும் 7 அங்குல றிம்மில் பிரச்சினையில்லாமல் அமரும்.

18 அங்குல றிம் வேண்டாம். காரணம் கணக்கில் இருக்கிறது. 225/40 ஆர்18 இன் பக்கச்சுவர் 90 மி.மீ., 215/45 ஆர்17 இல் 97, ஜி தரத்தின் 205/55 ஆர்16 இல் 113. ஏ9 நல்ல வீதிதான். அதிலிருந்து உள்ளே இறங்கும் கிரவல் ஒழுங்கைதான் றிம்மைத் தின்னும். மழைக்குப் பிறகு ஒட்டுசுட்டான் பக்கமோ நெடுங்கேணிப் பக்கமோ நீர் நிரம்பிய குழியின் ஆழம் தெரியாது. நாளாந்தம் 16 அங்குல றிம்மில் ஓடிவிட்டு ட்ராக்குக்கு 17 ஐ மாற்றுபவர்தான் கெட்டிக்காரர். பார்வைக்குக் கொஞ்சம் எளிமை, முதுகுக்குப் பெரிய உபகாரம். ஜிடியின் பிறேக்கும் 16 அங்குல றிம்முக்குள் அடங்கும். ஆனால் எல்லா 16 உம் அடங்கும் என்றில்லை, கலிப்பருக்கும் றிம்முக்கும் இடையில் 3 மி.மீ. இருக்கிறதா என்று ஏற்றிச் சுற்றிப்பாருங்கள்.

ஜப்பானிலிருந்து வந்த கனக்க 86 களில் மேலதிகச் சில்லு இல்லை, ஒட்டுத்திரவப் போத்தலும் சின்னப் பம்பும்தான். ஆணித்துளைக்கு அது காணும், பக்கச்சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்யாது. குச்சி ஒட்டும் செற் ஒன்றும் 12 வோல்ற் பம்பும் எப்போதும் டிக்கியில் கிடக்கட்டும். இரவில் புளியங்குளத்துக்கும் நெடுங்கேணிக்கும் இடையில் யானை இறங்கும் பக்கத்தில் உதவிக்குக் காத்திருக்க யாரும் விரும்பமாட்டார்கள்.

அலைன்மென்ற், அதாவது சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்வது, ரயரைவிட மலிவு, பலன் ஏறக்குறைய அதே அளவு. தொழிற்சாலை முன் கேம்பர் (சில்லு மேலே உள்ளே சாயும் கோணம்) பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். அதனால் ட்ராக்கில் முன் ரயரின் வெளித்தோள் மட்டும் உரிந்துபோகும். முன் சொக்கின் போல்ற்றுக்குப் பதிலாகக் கேம்பர் போல்ற் செற் ஒன்று போட்டால் பக்கத்துக்கு மைனஸ் 1.5 பாகை அளவு கிடைக்கும். நாளாந்தத்துக்கும் ட்ராக்குக்கும் நடுவில் அது நல்ல இடம். பின்னுக்கும் அதே அளவு. முன் டோ (மேலிருந்து பார்க்கும்போது சில்லு உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு) பூச்சியம், பின் டோ இம்மியளவு உள்ளே. கேம்பர் ரயரைத் தின்னும் என்று பயமுறுத்துவார்கள், உண்மையில் தின்பது டோ. குழியொன்றில் பலமாக விழுந்தால் ஸ்ரியறிங் நேராக இருந்தாலும் டோவை மறுபடி அளந்து பாருங்கள்.

சூடும் ஒயிலும்

எஞ்சினுக்கு வடிகட்டியோடு 5.4 லீற்றர் ஒயில் பிடிக்கும். கையேடு 0டபிள்யூ-20 என்று சொல்லும், நாளாந்தத்துக்கு அதுவே போதும். ட்ராக்குக்குப் போகுமுன் 5டபிள்யூ-30 முழுச் செயற்கை ஒயிலுக்கு மாறி, குச்சியில் மேல் கோடுவரை நிரப்புங்கள். அரைக் கோட்டில் நின்றால் நீண்ட வலதுபக்க வளைவில் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கி அமுக்கம் விழும். பிடியுள்ள ரயர் போட்டால் இது இன்னும் மோசமாகும்.

எங்கள் வெக்கையில் ஒயில் கூலர் இல்லாமல் ட்ராக்கில் தொடர்ந்து அடித்தால் ஒயில் 130 பாகையைத் தாண்டக்கூடும். முதலில் ஒரு ஒயில் சூட்டுமானி போடுங்கள், அதைப் பார்த்த பிறகு கூலர் தேவையா என்று முடிவெடுங்கள். 120 இல் கவனம், 130 இல் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவைக்கவேண்டும். வருடத்தில் இரண்டு நாள், பத்துப் பத்து நிமிடமாக ஓட்டுபவருக்குக் கூலர் கட்டாயமில்லை. போடுவதென்றால் தேர்மோஸ்டற் உள்ள தட்டோடு போடுங்கள். இல்லாவிட்டால் மார்கழி விடியலில் ஒயில் சூடேறாமலே கிளிநொச்சியிலிருந்து பரந்தன் வந்துவிடும், குளிர்ந்த ஒயிலும் எஞ்சினைத் தேய்க்கும். கூலருக்கு முன்னால் ஒரு கம்பிவலை வையுங்கள். ஏன் என்று கீழே வருகிறது.

கியர்ப்பெட்டிக்கு 2.2 லீற்றர் 75டபிள்யூ-90, பின் சில்லுகளுக்கு வலுவைப் பிரிக்கும் டிஃபரன்ஷியலுக்கு 1.15 லீற்றர் 75டபிள்யூ-85 ஜி.எல்.5. விலை கொஞ்சம், வேலையும் அரை நாள். இரண்டு ட்ராக் நாளுக்கு ஒருமுறை டிஃபரன்ஷியல் ஒயிலை மாற்றினால் போதும். கழற்றுவதற்குமுன் நிரப்பும் ஆணி கழல்கிறதா என்று முதலில் பாருங்கள். வடிக்கும் ஆணியைக் கழற்றி ஒயிலைக் கொட்டிவிட்டு, நிரப்பும் ஆணி கழலாமல் நிற்பது கராச்சுகளில் நடக்கும் கூத்து.

உயரம்

தரையிலிருந்து 130 மி.மீ. என்பது கையேட்டுக் கணக்கு. ஆளும் சாமானும் ஏறினால் இன்னும் குறையும். புகையிரதக் கடவைகளிலும் கோயில் வாசல் மேட்டிலும் முன் பம்பரின் கீழுதடுதான் முதலில் படும். அதனால் 30 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிறிங்கை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள். சொக் தேய்ந்த கார் என்றால் பில்ஸ்ரீன் பி6 ஐத் தொழிற்சாலை ஸ்பிறிங்கோடு போடுவதுதான் எங்கள் தெரிவு. உயரம் மாறாது, ட்ராக்கில் உடம்பு ஆடுவது பாதியாகும். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் கொய்லோவர் வேண்டும் என்பவருக்கு ரெயின் ஃபிளெக்ஸ் இசட் கட்டுப்படியாகும், 16 படியில் இறுக்கம் மாற்றலாம். ஆனால் கிரவல் தூளும் மாரிச் சேறும் மரையில் ஏறிக் கல்லாகிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூரிகையால் கழுவி, உலர் மசகு பூசாவிட்டால் இரண்டாவது வருடம் வளையம் அசையாது. முல்லைத்தீவுக் கடலோரத்தில் இருப்பவர்கள் இதை இன்னும் கவனிக்கவேண்டும்.

வலு

3500 முதல் 4500 சுற்றுவரை இந்த எஞ்சின் ஒரு கணம் சோர்ந்துபோகும், முந்தும்போது எரிச்சல் வரும். ஹெடர் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்) மாற்றி, எஞ்சின் மென்பொருள் திருத்தினால் அந்தப் பள்ளம் நிரம்பும். ஆனால் புகையைச் சுத்தமாக்கும் முதல் கற்றலைசர் ஹெடரோடு சேர்ந்தே இருக்கிறது. அதைக் கழற்றினால் வருடாந்தப் புகைச் சோதனையில் நிற்கவேண்டி வரும், அந்தத் துண்டு இல்லாமல் வரிப்பத்திரமும் இல்லை. சத்தமான சைலன்சரை வீதிப் பொலிஸ் இப்போது விடுவதில்லை. 12.5:1 அமுக்க விகிதம் உள்ள இந்த எஞ்சினுக்கு 95 பெற்றோல்தான் உணவு. 92 போட்டாலும் ஓடும், எரியூட்டலைப் பின்தள்ளித் தன்னைக் காத்துக்கொள்ளும், அந்த அளவுக்கு வலுவும் போகும். எல்லாப் பெற்றோல் நிலையத்திலும் 95 கிடைக்காது. தாங்கி 50 லீற்றர், அரையானதும் நிரப்பும் பழக்கம் நல்லது. 95 க்கு எழுதிய மென்பொருளை ஏற்றிவிட்டு 92 அடித்து ட்ராக்கில் ஓட்டினால் பிஸ்ரன் பதில் சொல்லும்.

தூசியும் நெல்லும்

இந்தப் பகுதியை வெளிநாட்டு விமர்சனம் எதிலும் காணமுடியாது. மாசி, பங்குனியில் வெட்டு முடிந்ததும் வீதியோரம் நெல் காயும், வைக்கோல் பறக்கும். நெல்மணியின்மேல் பிறேக் அடித்தால் மணலில் அடித்தமாதிரித்தான் சறுக்கும், எந்த ரயரும் காப்பாற்றாது. வைக்கோல் அடித்தட்டுக்கு மேலே நுழைந்து சைலன்சர்க் குழாயில் சுற்றினால் தீப்பிடிக்கவும் கூடும். அந்த இரண்டு மாதம் வாரமொருமுறை குனிந்து பாருங்கள். றேடியேற்றருக்கும் ஒயில் கூலருக்கும் முன்னால் வலை வைக்கச் சொன்னது இதற்காகத்தான். செதிள்களில் சுணையும் பூச்சியும் அடைத்தால் சூடு இறங்காது. உயர் அமுக்க நீர்த் துப்பாக்கியால் அடிக்காதீர்கள், செதிள் மடங்கும். பின்னாலிருந்து முன்னுக்குச் சாதாரணக் குழாய் நீர் போதும்.

காற்று வடிகட்டி தொழிற்சாலைக் கடதாசி வகையே இருக்கட்டும். கிரவலில் 5,000 கி.மீ.க்கு ஒருமுறை தட்டி, 10,000 க்கு மாற்றுங்கள். ஒயில் பூசும் பஞ்சு வடிகட்டியில் ஒயில் கொஞ்சம் கூடினாலும் காற்றளவு உணரி அழுக்காகி எஞ்சின் விக்கும். பொனற்றுக்குள் திறந்து கிடக்கும் கூம்பு வடிகட்டி சூட்டுக்காற்றைத்தான் குடிக்கும். சத்தம் கூடும், வலு குறையும்.

ட்ராக்குக்குப் போய்வருதல்

பக்கத்தில் இருப்பது அநுராதபுரம் சாலியபுரம்தான், ஆனால் அது மண் ஓட்டப்பாதை. மேலே சொன்னபடி தயாரித்த 86 க்கு அங்கே வேலையில்லை. தார் ட்ராக் வேண்டுமென்றால் பண்டாரகமவின் கார்ட்டிங் வளையம், களுத்துறைப் பக்கம் கட்டுகுருந்தவின் பழைய விமான ஓடுபாதை. நிகழ்வுத் திகதியை ஏற்பாட்டாளரிடம் உறுதிசெய்துகொண்டு புறப்படுங்கள். கிளிநொச்சியிலிருந்து ஒரு வழிக்கே 350 கி.மீ.க்கு மேல். பண்டாரகம குறுகிய வளைவுகள், 86 க்கு அளவெடுத்துத் தைத்தமாதிரி. ஓடுபாதை வேறு கணக்கு. நீண்ட நேர்ப்பாதை முடிவில் பலமான பிறேக், அதனால் பாட்டையும் பிறேக் ஒயிலையும் அதுதான் சோதிக்கும்.

பின் சீற்றை மடித்தால் நான்கு சில்லும் உள்ளே போகும். வடிவமைத்தவர்கள் அதை நினைத்தே செய்தார்கள். சில்லுகளைப் பட்டியால் கட்டுங்கள், அவசர பிறேக்கில் 18 கிலோச் சில்லொன்று முதுகுக்கு வரக்கூடாது. கூடவே ஜாக், டோர்க் ஸ்பனர், ரயர் அமுக்கமானி, அரை லீற்றர் பிறேக் ஒயில், ஒரு லீற்றர் எஞ்சின் ஒயில், பம்பரில் திருகும் இழுவைக் கொக்கி, தலைக்கவசம். முதல்நாளே போய்த் தங்குங்கள். விடியப் புறப்பட்டு ஏழு எட்டு மணிநேரம் ஓட்டிவிட்டு ட்ராக்கில் இறங்கும் களைப்புக்கு எந்த உதிரிப்பாகமும் மருந்தில்லை.

ரயரைக் குளிரில் 28 முதல் 30 பி.எஸ்.ஐ. வரை வைத்து இறங்குங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் சூட்டோடு அளந்து 34 முதல் 36 க்குள் கொண்டுவாருங்கள். அந்த முதல் ஓட்டத்துக்குப் பிறகு, சில்லு ஆறியதும் நட்டுகளை மறுபடி 120 க்குப் பாருங்கள். கடைசிச் சுற்றை பிறேக் தொடாமல் ஓட்டி உள்ளே வாருங்கள். பெற்றோல் ட்ராக்கில் லீற்றருக்கு நாலைந்து கி.மீ.தான் ஓடும், திரும்பும் வழிக்கான கணக்கை அதோடு கலக்காதீர்கள்.

திரும்புமுன் வீதிச் சில்லை மாற்றி, ரயர் அமுக்கத்தைக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கு ஏற்றி, ஒயில் குச்சியைப் பாருங்கள். ஒரு நாளில் கால் லீற்றர் குறைந்திருந்தால் அதிசயமில்லை. வவுனியாவில் தேத்தண்ணிக்கு நிற்கும்போது நட்டுகளை இன்னொருமுறை தொட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு இருட்டு, மாடுகள் வீதியில் படுத்திருக்கும்.